இரை எடுக்காத பருவம்

எண்ணூறு முள்.
எண்ணூறு மண்புழு.
மே மாதத்தில் விடிவதற்கு என்ன அவசரமோ,
நாலரை மணிக்கே லாக் நே ஏரியின்மேல்
அலுமினியப் பாத்திரம் மாதிரி ஒரு வெளிச்சம்.
லோர்கன் எஞ்சினைத் திட்டுவான்,
நான் கயிறு இழுப்பேன்.
பத்தொன்பது வருடமாக வேலைப் பங்கீடு இதுதான்.

பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டுமாம் விலாங்கு.
எங்களுக்குக் காட்டுவது முடிச்சு மட்டும்.
முள்ளை விழுங்கி, கயிற்றைச் சுற்றி,
தன்னையே தன்மேல் சுற்றி,
எது கயிறு எது மீன் என்று கையே குழம்பும்.
சட்டையில், மீசையில், காலைச் சாண்ட்விச்சில்
அதன் கோழை.
அளவுக்குக் குட்டையானவற்றை
நரம்பை மட்டும் அறுத்து, முள்ளோடு விட்டுவிடுகிறோம்.
வயிற்றில் முள் துருப்பிடித்து உதிர்ந்துவிடும் என்பார்கள்.
யாரும் போய்ப் பார்த்ததில்லை.

கரையில் டிம்ப்னா உப்பு வாளியோடு நிற்பாள்.
உப்பில் புரட்டினால் வழுக்கல் போய்விடும்.
கழுத்தைச் சுற்றிக் கத்தியால் ஒரு வட்டம்,
ஆணியில் தலை, குறடால் ஓர் இழுப்பு.
காலுறை கழற்றுவதுபோல் வரும் தோல்.
எண்ணெய் வேண்டாம், தன் கொழுப்பிலேயே பொரியும்,
துண்டுபோட்ட பிறகும் வாணலியில் நெளியும்.
ஒரு கீற்றுத் தோலை என் மணிக்கட்டில் கட்டிவிடுவாள்,
வாதத்துக்கு நல்லதென்று.
அவள் மட்டும் விலாங்கு தின்னமாட்டாள்.
எனக்கு உருளைக்கிழங்கும் வெண்ணெயும் போதும் என்பாள்.

விலாங்கைப் பற்றி என்னைக் கேளுங்கள், சொல்கிறேன்.
கடலிலிருந்து கண்ணாடி நூலாக வரும்.
இருபது வருடம் சேற்றில், மஞ்சள் வயிறோடு,
அகப்பட்டதைத் தின்று கிடக்கும்.
பிறகு ஏதோ ஒரு கோடையின் முடிவில்,
காரணம் சொல்லாமல், தின்பதை நிறுத்தும்.
குடல் சுருங்கும்.
கண் பெரிதாகும்.
வயிறு வெள்ளியாகும்.
அதற்குப் பின் எந்தப் புழுவும் அதை மயக்காது,
எண்ணூறு முள்ளும் வெறும் இரும்பு.
நிலவில்லாத, மழை அறைகிற,
ஆறு கலங்கிப் பெருகுகிற ஓர் இரவு வரும்.
அன்று போகும்.
வழியில் தண்ணீர் இல்லையென்றால்
ஈரப்புல்லின் மேலேயும் போகும்.

இதையெல்லாம் தூக்கத்தில்கூடச் சொல்வேன்.
லோர்கனுக்குக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

அக்டோபரில் ஓர் அமாவாசை.
டூமில், பான் ஆற்றின் குறுக்கே கட்டிய வலை
நள்ளிரவில் கனத்தது.
ஆறு பேர் தூக்கினோம்.
கைவிளக்கில் அத்தனை கண்கள்,
கறுப்பாக, பெரிதாக,
எங்களில் யாரையும் பார்க்காமல்.
ஒன்றை எடுத்து வயிற்றை அழுத்தினேன்.
வழக்கமான கனம்தான்.
உள்ளே ஒன்றுமில்லை.

ஏழு மணிக்கு வீடு.
உப்பு வாளியைக் கழுவிக் கவிழ்த்திருந்தது.
அடுப்பில் சூடில்லை.
பூட்ஸ் தடம் கேட்டுப் பக்கம் போகவில்லை.
பின்கதவில் தொடங்கி, டெவ்லின் வீட்டுப் புல்வெளியைக் கடந்து
பஸ் போகும் சாலைக்கு.
பாதியை மழை அழித்திருந்தது.

ஆகஸ்டிலிருந்தே அவள் தட்டில் உருளைக்கிழங்கு மிஞ்சியது.
பார்த்தேன்.
பல்வலியாக இருக்கும் என்று
மிச்சத்தை நாய்க்கு வைத்தேன்.

உனக்கா தெரியவில்லை? என்றான் லோர்கன்.
வேறெதுவும் சொல்லாமல் எஞ்சினைத் திட்டப் போய்விட்டான்.

மணிக்கட்டில் அவள் போட்ட முடிச்சு
தினமும் நனைகிறது, இளகுகிறது,
காய்கிறது, இறுகுகிறது.
வாதம் அப்படியேதான் இருக்கிறது.

ஆற்றை முழுக்க வலையால் மறிக்கக் கூடாது,
ஓர் இடைவெளி விட வேண்டும் என்பது இங்கே பழைய சட்டம்.
அடுத்த அமாவாசைக்கு வலைப்பக்கம் போகவில்லை,
அந்த இடைவெளியின் கரையில் நின்றேன்.
விளக்கை அணைத்தேன்.
எத்தனை கடந்தன என்று தெரியாது.
தண்ணீரின் சத்தம்தான்,
அதற்கு நடுவே லோர்கன் கத்துவது:
கயிறு, கயிறைப் பிடி, எங்கே போய்த் தொலைந்தாய்.